முதல் நெடுந்தூர ஓட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெடுந்தூர ஓட்டப் பயிற்சி குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதன்முறையாக ஓடப்போகிறவர்களிடமிருந்து வந்தவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், அவற்றுள் விரிவான கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது 38. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. மாலையில் மூன்று கிலோமீட்டர் நடப்பேன், ஓடிப் பழக்கமில்லை. வரும் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டர் பிரிவில் ஓட விரும்புகிறேன். இருமுறை ஓடிப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மீதமிருக்கும் ஐந்து மாதங்கள் போதுமா?
- வாசகர், தாம்பரம்

போதும். நீங்கள் ஒரு கிலோமீட்டருக்குள் நின்றுபோனதற்குக் காரணம் உங்களால் தாங்கக்கூடியதைவிட விரைவாக ஓடியதுதான். ஓட்டம் என்றதும் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிய நூறு மீட்டர்தான் நம்மில் பலருக்கு நினைவில் இருக்கிறது; கால்களும் அந்த நினைவோடுதான் கிளம்புகின்றன. நெடுந்தூரத்துக்கு உரிய வேகம் என்பது, பக்கத்தில் ஓடிவருபவரிடம் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகம். தனியாக ஓடுகிறவர் ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். முதலடியின் நான்கு சீர்களும் முடிவதற்குள் மூச்சு முட்டினால் வேகம் மிகுதி என்று பொருள். தொடக்கத்தில் இந்த வேகம் உங்கள் விரைவு நடையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். அதைக் குறித்து வெட்கப்பட எதுவுமில்லை. நான் பயிற்சி அளித்தவர்களில் நல்ல ஓட்டக்காரர்களாக வளர்ந்த பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

முதல் நான்கு வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாளாக, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, மொத்தம் முப்பது நிமிடங்களில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஓடும் நேரத்தைக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், எட்டாவது வாரத்தை ஒட்டி ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிடலாம். இப்படி ஓட்டத்தையும் நடையையும் திட்டமிட்டுக் கலக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் ஜெஃப் கேலோவே. அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் பிரிவில் அமெரிக்காவுக்காக ஓடியவர். நடப்பதைத் தோல்வியாகக் கருதுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஒன்பதாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மட்டும் நீளட்டும். ஏழு, எட்டு எனக் கூட்டி, அடுத்த வாரம் ஆறுக்கு இறங்கி, மீண்டும் ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு என ஏற்றி, மறுபடி எட்டுக்கு இறக்கி, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு பதினேழு கிலோமீட்டரை எட்டினால் போதும். இருபத்தொன்றைப் பயிற்சியிலேயே ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இடையிடையே தூரத்தைக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. எலும்புகளும் தசைநார்களும் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகின்றன. ஆகவே, மூன்றாவது மாதத்தில் மூச்சு சீராகி "இன்னும் ஓடலாம்" என்று தோன்றும்போது கால் எலும்பு அதற்குத் தயாராக இருப்பதில்லை. புதியவர்கள் காயப்படுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், மயக்கம் ஆகியவை தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு வயது 46. ஆறு மாதமாக வாரம் மூன்று நாள் நான்கு கிலோமீட்டர் ஓடுகிறேன். மூட்டு வலியோ வேறு தொல்லையோ இல்லை. ஆனால் "இந்த வயதில் ஓடினால் மூட்டு தேய்ந்து, அறுபது வயதில் நடக்கவே முடியாது" என்று வீட்டிலும் தெருவிலும் சொல்கிறார்கள். இது உண்மையா?
- வாசகி, மதுரை

அன்புச் சகோதரி, இந்த அச்சம் பரவலாக இருக்கும் அளவுக்கு அதற்குச் சான்று இல்லை. ஓட்டத்தையும் மூட்டுத் தேய்மானத்தையும் குறித்து அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இருந்ததாகக் கணக்கிட்டது. தொழில்முறைப் போட்டியாளர்களிடம் அது 13.3 விழுக்காடாக இருந்தது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். எனவே ஓட்டமே மூட்டைக் காக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆயினும் உங்களைப் போல அளவோடு ஓடுவது மூட்டைத் தேய்த்துவிடும் என்ற கூற்றை இந்த எண்கள் தாங்கவில்லை.

ஏற்கெனவே மூட்டில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முழங்கால் வீங்குகிறவர்களும் எலும்பு மருத்துவரைக் கேட்ட பிறகே ஓட வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லாததால், தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை வாரம் இருமுறை சேர்த்துக்கொண்டு தொடர்ந்து ஓடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதும், படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

அக்டோபர் தொடங்கினால் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழையில்லாத நாளில் அதிகாலையில் நாய்கள் துரத்துகின்றன. பயிற்சியை எப்படி விடாமல் செய்வது?
- வாசகர், வேளச்சேரி

வடகிழக்குப் பருவமழையும் சென்னை ஓட்டக்காரர்களின் பயிற்சிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சில நாட்கள் தவறத்தான் செய்யும். தவறிய ஓட்டத்தை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்ட முயலாதீர்கள். தூறலில் ஓடலாம். இடி மின்னலின்போதும், தண்ணீர் தேங்கிய சாலையிலும் ஓடவே கூடாது. திறந்து கிடக்கும் சாக்கடையும் அறுந்து விழுந்த மின்கம்பியும் அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய நாட்களில் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளை இருபது நிமிடம் ஏறி இறங்குவது போதுமான பயிற்சி.

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். ஓடுகிறவரைத் துரத்துவது அதன் இயல்பு. கடித்துவிட்டால், சிறு கீறலாயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும்போது வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். விடியுமுன் ஓடுகிறவர்கள் வெளிர்நிற உடை அணிவது நல்லது.

கார்பன் தகடு வைத்த காலணி இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. வாங்கினால்தான் ஓட முடியுமா? வெறுங்காலுடன் ஓடுவதே சிறந்தது என்கிறார் என் நண்பர்.
- கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

இரண்டும் வேண்டாம். அந்தக் காலணி விரைவாக ஓடுகிறவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. முதல் ஓட்டத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. உங்கள் நண்பர் சொல்வதற்குப் பெருமைமிக்க முன்னுதாரணங்கள் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். வெறுங்காலில் ஓடிப் பெயர்பெற்ற நம் நாட்டு வீரர் சிவ்நாத் சிங் 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்து ஏற்படுத்திய தேசியச் சாதனை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் முறியடிக்கப்படாமல் நின்றது. ஆனால் அதே பிகிலா 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடியும் வென்றார். பல்லாண்டுப் பழக்கத்தில் இறுகிய பாதம் அவர்களுடையது. காலணிக்குள்ளேயே வளர்ந்த பாதத்தை ஐந்து மாதத்தில் அப்படி மாற்ற முடியாது.

மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குச் சென்று, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும் காலணியாகப் பார்த்து, கடைக்குள் நாலடி ஓடிப் பார்த்து வாங்குங்கள். ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டதாகவும் காலுக்கு உறுத்தாததாகவும் இருந்தால் போதும். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை அது உழைக்கும். போட்டிக்கென்று புதுக் காலணி வாங்கி அன்றே அணிவது மட்டும் வேண்டாம்.

ஓட்டத்துக்கு முந்தைய நாள் நிறையச் சோறு சாப்பிட வேண்டுமா? வழியில் குடிக்கும் ஜெல் அவசியமா? எங்கள் வீட்டில் காலை உணவு இட்லிதான்.
- வாசகர், தஞ்சாவூர்

இட்லியைவிட நல்ல ஓட்டக்கார உணவு எனக்குத் தெரியவில்லை. மாவுச்சத்து மிகுந்தது, கொழுப்பும் நாரும் குறைந்தது, வயிற்றில் தங்காதது. நம் தசைகளும் கல்லீரலும் சேர்ந்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அது 1,600 முதல் 2,000 கலோரி வரை தரும். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓட 1,400 கலோரிக்கும் குறைவாகவே தேவைப்படும். அதில் ஒரு பகுதியைக் கொழுப்பும் தரும். ஆகவே அரை மாரத்தானுக்கு முந்தைய நாள் வழக்கமான உணவில் சோறு சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். வயிறு புடைக்க உண்பவர்கள் மறுநாள் வருந்துகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்வது உதவும். ஜெல்லில் இருப்பதும் அதுதான்; பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் அதே வேலையைச் செய்யும். எதுவானாலும் ஞாயிறு ஓட்டங்களில் பலமுறை தின்று பார்த்து வயிறு ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஓடும் நாட்களில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இதை என்னைப் போன்ற பயிற்சியாளர்கள் சொல்லக் கூடாது. உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் வியர்வை ஆறாகக் கொட்டுகிறது. தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடிக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். சரியா?
- வாசகி, திருவான்மியூர்

சரியன்று. இந்த அறிவுரை உயிருக்கே ஊறு செய்யக்கூடியது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோர நகரத்தின் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. உடல் மேலும் வியர்க்கிறது. நீரிழப்பு இங்கே உண்மையான சிக்கல்தான். அதற்கு அஞ்சி, ஓட்டப் பாதையில் தண்ணீர் வைத்திருக்கும் மேசைகள் ஒவ்வொன்றிலும் நின்று வெறும் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்கிறவர்களின் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துபோகிறது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். எடை கூடியது என்றால், வியர்த்ததைவிடக் குடித்தது அதிகம் என்று பொருள். மெதுவாக ஓடும் புதியவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. குடிக்க நேரமும் மேசைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கின்றன. தலைவலி, குமட்டல், கைவிரல் வீக்கம், மனக்குழப்பம் என்று தொடங்கி, கடுமையானால் வலிப்பு வரை அது கொண்டுபோய்விடும்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதை முழுவதும் ஓடும்போதே ஈடுசெய்ய வேண்டியதில்லை. தாகத்துக்கேற்ப, சில மிடறுகளாகக் குடித்துவந்தால் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். சுவைக்காக நீரைக் குறைப்பதோ கூட்டுவதோ தவறு. ஓடி முடித்த பிறகு உப்புப் போட்ட மோர் மிக நல்லது.

வெயிலில் ஓடுகிறவர் தடுமாறினாலோ பொருந்தாமல் பேசினாலோ அதை வெறும் களைப்பு என்று கருதக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றியபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

கூடாது. நான் மேலே குறிப்பிட்ட மூன்றாவது மாதக் காயம் இதுவாக இருக்கலாம். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஒரே ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தாலோ, நடக்கும்போதும் இரவிலும் வலித்தாலோ, அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கக்கூடும். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு என்பதால், படம் சரியாக இருக்கிறது என்று மீண்டும் ஓடிவிட வேண்டாம். வலி நிவாரண மாத்திரை எச்சரிக்கை மணியை நிறுத்துமே தவிர, விரிசலை ஒட்டாது. இபுபுரூஃபன் போன்றவற்றை நீரிழப்போடு ஓடும் நேரத்தில் உட்கொள்வது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

பயிற்சி நன்றாகப் போகிறது. ஆனால் கடைசியாக வந்துவிடுவேனோ, பாதியில் நின்றுவிடுவேனோ என்ற அச்சத்தில் உறக்கம் வரவில்லை. போட்டி நாளில் எப்படி ஓட வேண்டும்?
- வாசகி, புதுச்சேரி

முந்தைய இரவு உறக்கம் வராதது இயல்பு. அதற்கும் முந்தைய இரவு நன்றாக உறங்கியிருந்தால் போதும். உடை, காலணி, எண் அட்டை, அதைச் சட்டையில் குத்தும் ஊசிகள் எல்லாவற்றையும் மாலையிலேயே எடுத்து வையுங்கள். தொடைகளின் உட்புறம், அக்குள், உள்ளாடையின் விளிம்பு படும் இடங்கள் ஆகியவற்றில் வேஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்; நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் உப்பும் உராய்ந்து தோல் உரிந்துவிடுகிறது. ஓட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிடுங்கள்.

என் முதல் அரை மாரத்தானைச் சொல்கிறேன். பயிற்சியில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஓடிப் பழகிய நான், கூட்டத்தின் ஆரவாரத்தில் முதல் ஐந்து கிலோமீட்டரை ஆறு நிமிட வேகத்தில் ஓடினேன். களைப்பே தெரியவில்லை, பயிற்சி பலித்துவிட்டது என்று நம்பினேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் தொடைகள் இறுகி, மீதி ஆறு கிலோமீட்டரை நடந்து கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்தில் சேமித்த ஏழரை நிமிடம் போல இருமடங்குக்கு மேல் அங்கே இழந்தேன். அன்றிலிருந்து, என்னிடம் பயில்பவர்களிடம் முதல் மூன்று கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தைவிட மெதுவாக ஓடச் சொல்கிறேன். எல்லோரும் உங்களைக் கடந்துபோவார்கள், போகட்டும். அவர்களில் பலரைப் பதினாறாவது கிலோமீட்டருக்குப் பிறகு நீங்கள் கடப்பீர்கள்.

கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்று ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். போட்டிக்குப் போட்டி இறுதி நேர வரம்பு வேறுபடுவதால், பதிவு செய்யும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக வருவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஜனவரியில் அரை மாரத்தான் முடித்ததும், பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் முழுத் தூரமும் ஓடிவிட எண்ணுகிறேன். முடியுமா?
- வாசகர், விழுப்புரம்

இந்த ஆண்டு வேண்டாம். முழு மாரத்தானின் தூரமான 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. உடலின் மாவுச்சத்துச் சேமிப்புக்கு அந்தத் தூரம் பொருந்திவரவில்லை. முன்பு சொன்ன கணக்குப்படி அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவருக்கு 2,700 கலோரிக்கு மேல் தேவைப்படுவதால், முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்கும் சேமிப்பு தீர்ந்து கால்கள் நகர மறுக்கின்றன. அதைத் தாண்டுவதற்கு வேண்டிய எலும்பும் தசைநாரும் நான்கு வாரத்தில் உருவாகமாட்டா.

ஜனவரி ஓட்டத்தை முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் சாப்பிடுங்கள். தொடை வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் கூடுதலாக இருக்கும். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நடை மட்டும் போதும். பிப்ரவரியில் அந்தச் செம்மண் பாதையில் ஓட ஆசை இருந்தால் பத்துக் கிலோமீட்டர் பிரிவில் ஓடுங்கள். மரநிழலும் மண்ணின் மென்மையும் கால்களுக்கு இதமாக இருக்கும், வேர்களைப் பார்த்துக் கால் வையுங்கள். வரும் ஆகஸ்டில் வாரம் முப்பது கிலோமீட்டர் தொல்லையின்றி ஓடக்கூடிய நிலையில் இருந்தால் மீண்டும் எழுதுங்கள். அதற்கு அடுத்த பிப்ரவரிக்கான முழு மாரத்தான் பயிற்சியை அப்போது தொடங்கலாம்.